கல் மதில் இருக்க மண் மேடு எதற்கு? இங்கிலாந்து உள்நாட்டுப் போரின் ஊர்க் காப்புகள்

கேள்வி (ஒரு வாசகர்):
1640களில் இங்கிலாந்தில் நடந்த உள்நாட்டுப் போரில் ஊர்களைச் சுற்றி மண்ணைக் கொட்டி மேடு எழுப்பினார்கள் என்று படித்தேன். அந்த நாட்டில் கல் கோட்டைக்குப் பஞ்சமே இல்லை. பிறகு மண் மேடு எதற்கு? காசில்லாமல் அவசரத்துக்குச் செய்த ஒப்பேற்றும் வேலை என்றுதான் தோன்றுகிறது. பீரங்கி முன்னால் மண் நிற்குமா?

8 ஜனவரி 2023

நிற்கும். கல்லைவிட நன்றாகவே நிற்கும்.

பீரங்கிக் குண்டு கல் மதிலில் பட்டால் கல் பிளக்கும். சில்லுகள் உள்ளே நிற்பவர்கள்மேல் தெறிக்கும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அடித்தால் மதில் சரியும், சரிந்த கல்லே எதிரி ஏறி வரப் படியாகிவிடும். மண்ணில் பட்ட குண்டு நெல் மூட்டையில் எறிந்த கல் மாதிரிப் புதைந்து நின்றுவிடும். ராத்திரியோடு ராத்திரியாக நாலு பேர் மண்வெட்டியோடு போய்க் குழியை அடைத்துவிடலாம். இடிந்த கல் மதிலை ஓர் இரவில் யார் கட்டுவது?

ஒப்பேற்றும் வேலையும் இல்லை. அன்றைக்கு ஐரோப்பாவில் புதிய போர்க்கலையே இதுதான். டச்சுக்காரர்கள் ஸ்பெயினோடு பல பத்தாண்டுகள் போரிட்டபோது தங்கள் ஊர்களை மண் மதிலும் தண்ணீர் அகழியும் வைத்துத்தான் காத்தார்கள். அங்கே கூலிக்குப் போரிட்டுப் பழகிய ஆங்கில, ஸ்காட்லாந்து அதிகாரிகள் சொந்த நாட்டில் சண்டை மூண்டதும் அந்த வித்தையோடு திரும்பினார்கள். மன்னர் தரப்பில் பல ஊர்களின் காப்பை வரைந்த பெர்னார்ட் டி கோம் என்ற பொறியாளர் டச்சு மண்ணிலிருந்து வந்தவர்.

அதே நாள், இரவு

இந்தப் போர் பற்றித் தெரியாதவர்களுக்காக. மன்னர் முதலாம் சார்லஸ் ஒரு பக்கம், நாடாளுமன்றம் மறுபக்கம். 1642 ஆகஸ்டில் நாட்டிங்ஹாமில் மன்னர் கொடியேற்றினார். பெரிய உள்நாட்டுச் சண்டை இல்லாமல் ஊர்கள் நெடுங்காலம் நிம்மதியாக இருந்திருந்தன. பழைய கல் மதில்கள் பல இடங்களில் சிதைந்து கிடந்தன, அவற்றின் மேல் சாய்த்து வீடே கட்டியிருந்தார்கள். மதிலைத் தாண்டி ஊர் வளர்ந்தும் விட்டது. புதிதாகக் கல் மதில் எழுப்பப் பல வருடம் ஆகும். மண் என்றால் சில வாரங்கள், சில மாதங்கள்.

11 ஜனவரி

நான் இருக்கும் இடத்திலிருந்து நியூவர்க் அதிக தூரமில்லை. ட்ரெண்ட் ஆற்றங்கரை ஊர். லண்டனிலிருந்து வடக்கே போகும் பெருஞ்சாலையும் ரோமர் காலத்து ஃபாஸ் சாலையும் அங்கேதான் சந்திக்கின்றன, ஆற்றைக் கடக்கும் இடமும் அதுதான். மன்னர் தரப்புக்கு அந்த ஊர் போனால் வடக்கோடு இருந்த தொடர்பே போய்விடும். அதனால் போர் முழுக்கப் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்று முறை முற்றுகை. 1643 பிப்ரவரியில் ஒன்று. 1644 வசந்தத்தில் ஒன்று, அதை மார்ச் 21 அன்று மன்னரின் தளபதி இளவரசர் ரூபர்ட் வந்து முறியடித்தார். கடைசியாக 1645 நவம்பரிலிருந்து 1646 மே வரை ஒன்று.

இரண்டாவது முற்றுகைக்குப் பிறகுதான் ஊருக்கு வெளியே வடக்கில் ஒன்றும் தெற்கில் ஒன்றுமாக இரண்டு பெரிய மண் கோட்டைகள் எழுந்தன. வடக்கில் இருந்த 'மன்னர் கோட்டை' 19-ஆம் நூற்றாண்டில் அழிந்துவிட்டது. தெற்கில் உள்ள 'ராணி கோட்டை' இன்றும் நிற்கிறது. சார்லஸின் மனைவி ஹென்றியட்டா மரியாவின் பெயரால் அப்படி. இப்போது அது ஒரு பூங்காவுக்குள் இருக்கிறது, நாய் நடத்துபவர்களும் குழந்தைகளும் மேலே ஓடித் திரிவார்கள்.

முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றுமே புரியவில்லை. புல் மூடிய மேடு, அவ்வளவுதான். அகழிக்குள் இறங்கிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. சில இடங்களில் அகழி 21 மீட்டர் வரை அகலம், ஆழம் ஆளின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு. கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் எந்தப் பக்கம் போனாலும் மேலே ஏதோ ஒரு முனையிலிருந்து யாரோ என்னைக் குறிவைக்க முடியும். ஒளிந்துகொள்ள ஒரு மூலை கிடையாது.

அதுதான் அந்த வடிவத்தின் சூட்சுமம். நட்சத்திரம் மாதிரி நாலு மூலையிலும் கூராக நீட்டிய கொத்தளங்கள். சாதாரணச் சதுரக் கோட்டையில் மதிலின் காலடியில் ஒட்டி நிற்பவனை மேலே இருப்பவனால் பார்க்க முடியாது. இங்கே ஒரு கொத்தளத்தின் காலடிக்கு வந்தவனை அடுத்த கொத்தளத்தில் இருப்பவன் பக்கவாட்டில் சுடுவான். எல்லா முகமும் இன்னொன்றின் பார்வையில் இருக்கும்படி அளந்து வெட்டியிருக்கிறார்கள். காசில்லாதவர்கள் குத்துமதிப்பாகக் கொட்டிய மண் இல்லை ஐயா இது.

12 ஜனவரி

"மழைக்குக் கரையாதா?" என்று கேட்டிருக்கிறார்கள். கரையும். அதற்காகத்தான் புல்லோடு சேர்த்து மண்ணைக் கட்டி கட்டியாக வெட்டி எடுத்து முகப்பில் அடுக்குவார்கள். வேர் பிடித்துக்கொண்டால் மண் சரியாது. மதில் சரிவில் கூர்சீவிய கம்புகளை வெளியே நீட்டி வரிசையாகப் பதிப்பார்கள், ஏறுபவனுக்குத் தடை. மெல்லிய கிளைகளை நீளக் கட்டுகளாகக் கட்டி நடுவில் கொடுப்பது, கிளையால் பின்னிய பெரிய கூடைகளில் மண்ணை நிரப்பி பீரங்கிக்கு இருபுறமும் நிறுத்துவது, இதெல்லாம் அப்புறம். எதற்கும் கொல்லனோ கல்தச்சனோ வேண்டாம். ஊரில் இருக்கும் கைகள் போதும்.

அந்தக் கைகள் யாருடையவை என்பதைத்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நேரமாகிவிட்டது.

14 ஜனவரி

லண்டன். 1642 அக்டோபரில் எட்ஜ்ஹில் சண்டை, நவம்பரில் மன்னரின் படை லண்டனுக்கு மேற்கே பக்கத்திலிருந்த டர்ன்ஹம் கிரீன் வரை வந்துவிட்டது. நகரம் நடுங்கிப்போனது. அந்தக் குளிர்காலத்தில் தொடங்கி 1643 கோடைக்குள் தேம்ஸின் இரு கரையையும் சேர்த்து நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய 18 கிலோமீட்டர் நீளத்துக்கு அகழியும் மண் மதிலும், இடையிடையே இருபதுக்கும் மேற்பட்ட கோட்டைகளும் எழுந்தன. மண்வெட்டியும் கூடையும் மட்டும்தான் கருவி.

அப்போது லண்டனில் இருந்த வெனிஸ் தூதரகச் செயலர் ஜெரோலமோ அகஸ்தினி தன் அரசுக்கு எழுதிய கடிதத்தில் இதைச் சொல்கிறார்: தெருத் தெருவாக மேளம் அடித்து, கொடி பிடித்து, ஆண்களையும் பெண்களையும் வேலைக்குக் கூப்பிட்டார்கள். கூலி கிடையாது, சாப்பாடு மட்டும். அப்படியும் கூட்டம் அலைமோதியது, வசதியானவர்களும் வந்தார்கள், கடவுளுக்குச் செய்யும் ஊழியமாக நினைத்தார்கள் என்கிறார். அவர் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட்களான இந்த லண்டன்காரர்கள் அவர் பார்வையில் மறுதரப்பு. அவரே இப்படி எழுதுகிறார் என்பதால் எனக்கு அந்தக் கடிதம் முக்கியம்.

வில்லியம் லித்கோ என்ற ஸ்காட்லாந்துப் பயணியும் அந்த 1643-இல் மதில் முழுவதையும் நடந்து பார்த்து எழுதி வைத்தார். தையற்காரர், செருப்புத் தைப்பவர், சுமை தூக்குபவர் என்று தொழில் தொழிலாகக் கொடியோடு வேலைக்குப் போனார்கள். பில்லிங்ஸ்கேட் சந்தையில் சிப்பி விற்ற பெண்கள் மேளமும் குழலுமாக, ஆண் துணை இல்லாமல் தனி அணியாகப் போனதை அவர் குறித்திருக்கிறார்.

தளபதிகளின் பெயர் எல்லாப் பலகையிலும் இருக்கிறது. அந்தச் சிப்பிக்காரிகளில் ஒருத்தியின் பெயர்கூட நமக்குத் தெரியாது. எனக்கு இதில் ஆத்திரம்தான் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

14 ஜனவரி, பின்னிரவு

எல்லா ஊரிலும் இப்படி மனமுவந்து வந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆக்ஸ்போர்டில், மன்னரின் தலைமையிடத்தில், ஊர் மக்கள் வாரத்தில் ஒரு நாள் மண் வெட்ட வேண்டும் என்று கட்டளை. வராவிட்டால் பன்னிரண்டு பென்ஸ் கட்ட வேண்டும். பணம் இருந்தவர் கட்டிவிட்டு வீட்டில் இருந்தார். இல்லாதவர் மண்வெட்டி எடுத்தார். லண்டனை மட்டும் சொல்லி நிறுத்தினால் படம் பாதிதான்.

17 ஜனவரி

குளோஸ்டர் பற்றிக் கேட்டவருக்கு. 1643 ஆகஸ்ட் 10 அன்று மன்னரே நேரில் வந்து முற்றுகையிட்டார். உள்ளே நாடாளுமன்றத் தரப்பின் எட்வர்ட் மாஸி என்ற இளம் ஆளுநர். பழைய கல் மதிலின் உட்புறம் முழுக்க மண்ணை அணைத்து, மதில் இல்லாத இடத்தில் தனி மண் மேடு போட்டிருந்தார்கள். கல்லும் மண்ணும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்களே, இதுதான். முன்னால் உள்ள கல் உடைந்தாலும் பின்னால் உள்ள மண் விடாது.

நகர எழுத்தர் ஜான் டோர்னி எழுதி வைத்த நாட்குறிப்பில் ஒரு செய்தி: இளம் பெண்கள் தினமும் மதிலுக்கு வெளியே உள்ள புல்வெளிக்குப் போய், எதிரியின் கண்முன்னாலேயே புல் மண்ணை வெட்டிச் சுமந்து வந்தார்கள். துப்பாக்கிக்கு எட்டும் தூரம் அது.

எதிரிகள் கிழக்கு வாசலுக்கு அடியில் சுரங்கம் தோண்டிப் பார்த்தார்கள். தண்ணீர் ஊறி நின்று கெடுத்துவிட்டது. செப்டம்பர் 5 அன்று நாடாளுமன்றத் தளபதி எசெக்ஸ் பிரபு பெரும் படையோடு நெருங்கிவிட்டார் என்று தெரிந்ததும் முற்றுகை விலகியது. அந்தப் படையில் லண்டன் நகரக் காவல் அணிகளும் இருந்தன, அதாவது தன் ஊருக்கு மண் மதில் போட்டுவிட்டு இந்த ஊரைக் காக்க நடந்து வந்தவர்கள். அப்போது மாஸியிடம் மிச்சமிருந்தது மூன்று பீப்பாய் வெடிமருந்து.

வொர்ஸ்டரில் இதே 1643-இல் எதிரி விட்டுப்போன முற்றுகை மேடுகளை மண்வெட்டியும் கோடரியுமாக அணிவகுத்துப் போய்த் தரைமட்டமாக்கியவர்களும் சாதாரணப் பெண்கள்தான்.

19 ஜனவரி

இதையெல்லாம் ஏன் இவ்வளவு பிடிவாதமாகப் பெண்கள் பக்கமே எழுதுகிறேன் என்று ஒருவர் கேட்டார். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எங்கள் வளவில் பங்கர் வெட்டியபோது கிடங்கு வெட்டியது மாமா, ஆனால் வெட்டிய மண்ணைக் கடகத்தில் அள்ளிச் சுமந்தது அம்மாவும் பெரியம்மாவும் பக்கத்து வீட்டு அக்காமாரும். பனங்குற்றியை மேலே அடுக்கி அதன்மேல் அந்த மண்ணைத் திரும்பக் கொட்ட வேண்டும், தடிப்பு குறைந்தால் ஷெல் விழுந்தால் தாங்காது. மாரி காலத்தில் உள்ளே தண்ணீர் நிற்கும், வாளியால் இறைத்ததும் அவர்கள்தான். சண்டையை எழுதியவர்கள் யாரும் இதை எழுதவில்லை.

ஒரு வீட்டுப் பங்கருக்கு எத்தனை கடகம் மண் போகும் என்று என் தோளுக்குத் தெரியும். அதனால் 18 கிலோமீட்டர் என்று படிக்கும்போது எனக்கு எண் தெரிவதில்லை, ஆட்கள்தான் தெரிகிறார்கள்.

19 ஜனவரி, பின்குறிப்பு

நியூவர்க்கின் நட்சத்திர வடிவைப் படத்தில் பார்த்துவிட்டு "யாழ்ப்பாணக் கோட்டை மாதிரியே இருக்கிறதே" என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். சரியாகப் பிடித்துவிட்டீர்கள். 1658-இல் போர்த்துக்கேயரிடமிருந்து கோட்டையைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதை ஐந்து கொத்தளங்களோடு திரும்பக் கட்டினார்கள். கொத்தளங்களுக்கு ஹாலந்து, ஸீலாந்து என்று தங்கள் மாகாணப் பெயர்களை வைத்தார்கள். நியூவர்க்கில் மண், அங்கே கல். கணக்கு ஒன்றுதான், ஆசான்களும் அதே நாட்டுக்காரர்கள். 1990 முற்றுகையில் அந்தக் கல் மதிலுக்கும் உள்ளே இருந்த டச்சுத் தேவாலயத்துக்கும் என்ன ஆனது என்பதைப் பார்த்தவர்கள் இங்கேயே பலர் இருப்பீர்கள்.

சென்னை அன்பர்களுக்கும் ஒன்று. ஜார்ஜ் கோட்டை எழுந்ததும் இதே சமயம்தான், முதல் கட்டடம் 1644-இல் முடிந்தது. அங்கே கிழக்கிந்தியக் கம்பெனியார் சுவர் எழுப்பிக்கொண்டிருந்தபோது அவர்களின் தலைமையகம் இருந்த லண்டனே மண் மதிலுக்குள் இருந்தது.

23 ஜனவரி

மண் கல்லைவிட மேல் என்று முதலில் எழுதினேன். அதோடு விட்டால் போதாது என்று இரண்டு நாளாக மனம் அரித்துக்கொண்டிருந்தது. பிரிஸ்டலைச் சொல்லாமல் விடக்கூடாது.

பிரிஸ்டலைச் சுற்றி நாலு மைலுக்கு மேல் நீண்ட மதில். ஊர் அப்போது நாடாளுமன்றத்தின் கையில், காவலுக்கு இரண்டாயிரம் பேர்கூட இல்லை. வடமேற்கில் குன்றுகளின் மேல் அடியில் பாறை, அதனால் அகழி ஆழமாக இறங்கவில்லை. 1643 ஜூலை 26 அன்று இளவரசர் ரூபர்ட்டின் படை எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தாக்கியது. தெற்குப் பக்கம் அகழி ஆழம். அங்கே ஏறப் பார்த்த கார்ன்வால் வீரர்கள் வண்டிகளைத் தள்ளி அகழியை நிரப்ப முயன்றார்கள், முடியவில்லை, கும்பல் கும்பலாகச் செத்தார்கள். அவர்களின் தளபதிகள் ஸ்லானிங், ட்ரெவானியன் இருவரும் அந்தக் காயத்தில்தான் இறந்தார்கள். வடமேற்கில் இரண்டு கோட்டைகளுக்கு நடுவே மதில் மெலிந்த ஓர் இடத்தைக் கர்னல் ஹென்றி வாஷிங்டனின் ஆட்கள் கண்டுபிடித்து, மண்ணைப் பறித்துத் தள்ளி வழி செய்து உள்ளே புகுந்தார்கள். அன்றே ஊர் விழுந்தது.

ஒரே ஊர், ஒரே நாள். ஆழமாக வெட்டிய பக்கம் தாங்கியது, மேலோட்டமாக வெட்டிய பக்கம் உடைந்தது. ஊரைச் சரணடையச் செய்த நாடாளுமன்றத் தரப்பு ஆளுநர் நதானியேல் ஃபியன்னஸுக்கு இராணுவ நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. பிறகு மன்னிக்கப்பட்டார்.

இதற்கு மேல் உண்டு. ரூபர்ட் அதே ஊரை எடுத்துக்கொண்டார், டி கோம் அங்கே புதிதாக ஒரு பெரிய கோட்டையும் அமைத்தார். ஆனால் அந்த நீண்ட மதிலைக் காக்க ரூபர்ட்டிடமும் போதுமான ஆள் இல்லை. 1645 செப்டம்பர் 10 அன்று நாடாளுமன்றத் தளபதி ஃபேர்ஃபாக்ஸ் தாக்கினார். பிரையர்ஸ் ஹில் கோட்டையின் உயரத்துக்கு முப்பது படி வைத்த ஏணியே மட்டுமட்டாகத்தான் எட்டியது, அப்படியும் மணிக்கணக்கில் போராடி ஏறிவிட்டார்கள். ரூபர்ட் அன்றே பணிந்தார். மன்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினார். இரண்டு வருடத்துக்கு முன் எந்த மதிலை உடைத்துப் பெயர் வாங்கினாரோ அதே மதிலில் பெயரை இழந்தார்.

ஆகவே என் பதிலை இப்படிச் செப்பனிடுகிறேன்: மண் மேடு தானாக எந்த ஊரையும் காக்காது. ஒவ்வொரு பத்து அடிக்கும் பின்னால் ஓர் ஆள் நிற்க வேண்டும், அந்த ஆளுக்குச் சோறு வேண்டும். லண்டனிடம் இரண்டும் இருந்தன, அதனால் 18 கிலோமீட்டர் மதில் போட்டும் தாங்க முடிந்தது. பிரிஸ்டலிடம் இல்லை.

24 ஜனவரி

இன்னொரு செலவைச் சொல்ல மறந்தால் பாவம். மதிலுக்கு முன்னால் வெட்டவெளி வேண்டும், எதிரி மறைந்து வரக்கூடாது. அதனால் ஊருக்கு வெளியே இருந்த வீடுகளை ஊர்க்காரர்களே கொளுத்தினார்கள். குளோஸ்டரில் முற்றுகை தொடங்கிய அன்றே புறநகரை மாஸி எரித்தார். அந்த வீடுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள். காப்பாற்றப்பட்டது மதிலுக்கு உள்ளே இருந்தவர்களின் வீடு.

25 ஜனவரி

நியூவர்க் கதை கேட்டவர்களுக்கு ஒன்று, பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஹெர்குலீஸ் கிளே என்று ஊர்ப் பெரியவர் ஒருவர். தன் வீடு எரிவதாக மூன்று முறை கனவு கண்டு, குடும்பத்தோடு வெளியேறினாராம். 1644 மார்ச் 11 அன்று முற்றுகையாளர் வீசிய வெடிகுண்டு அந்த வீட்டைத் தகர்த்தது. அவர் விட்டுப்போன 200 பவுனில் பாதி ஆண்டுதோறும் நன்றி ஆராதனைக்கு, பாதி ஏழைகளுக்கு ரொட்டிக்கு. கனவை நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ரொட்டி உண்மை.

கடைசி முற்றுகையில் சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கக் காசு தீர்ந்தபோது வெள்ளித் தட்டுகளை வெட்டி சாய்சதுர வடிவில் நாணயம் அடித்தார்கள். 1645, 1646 என்று ஆண்டு போட்டவை இன்றும் இருக்கின்றன.

28 ஜனவரி

"இவ்வளவு பெரிய மதில்கள் எங்கே போயின?" நல்ல கேள்வி. போர் முடிந்ததும் வென்றவர்கள் முதலில் செய்தது இடிப்பதுதான். மறுபடி யாராவது உள்ளே புகுந்து எதிர்க்கக் கூடாது. லண்டனின் மதிலை 1647-இல், நாடாளுமன்றத்தின் சொந்தப் படையே நகருக்குள் நுழைந்த பிறகு, தள்ளச் சொன்னார்கள். எழுப்பியதும் மண்வெட்டி, இடித்ததும் மண்வெட்டி.

நியூவர்க்கை யாரும் உடைத்து நுழையவில்லை என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். வெளியே 16,000 பேர் வரை ஸ்காட்லாந்துக்காரரும் நாடாளுமன்றத்தாரும். அவர்களும் ஊரைச் சுற்றித் தங்கள் மண் மேடுகளைப் போட்டுவிட்டார்கள். ஆற்றுத் தண்ணீரை அணைகட்டித் திருப்பி ஆலைகளை நிறுத்தினார்கள். உள்ளே பட்டினி, நோய். அப்படியும் விடவில்லை. 1646 மே 5 அன்று சார்லஸ் பக்கத்து சவுத்வெல்லில் ஸ்காட்லாந்துப் படையிடம் தன்னை ஒப்படைத்துவிட்டு, ஊரைக் கொடுத்துவிடச் சொல்லி ஆணை அனுப்பினார். ஆளுநர் பெலசைஸ் பிரபு அதன்படி ஊரைக் கொடுத்தார்.

மேடுகளை இடிக்கச் சுற்றுப்புறக் கிராமத்தாருக்குக் கட்டளை போனது. ஊருக்குள் கொள்ளைநோய் பரவியிருந்ததால் வேலை முடியவில்லை. ராணி கோட்டை அதனால்தான் மிஞ்சியது.

2 பிப்ரவரி

எங்கே போய்ப் பார்க்கலாம் என்று பலர் கேட்டதால்:

நியூவர்க் முதலில். ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். ஊருக்குள் 2015-இல் திறந்த தேசிய உள்நாட்டுப் போர் மையத்தை முதலில் பார்த்துவிட்டு மேட்டுக்குப் போனால் நன்றாகப் புரியும். பிரிஸ்டலில் பிராண்டன் ஹில் பூங்காவில், கேபட் கோபுரத்துக்கு அருகே கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. லண்டனில் பார்க்க அநேகமாக ஒன்றும் இல்லை. மேஃபேரில் இருக்கும் மவுண்ட் தெருவின் பெயர் மட்டும் அங்கே நின்ற கோட்டை மேட்டிலிருந்து வந்தது.

குளிர்காலத்தில் போங்கள். கோடையில் புல் வளர்ந்து மறைத்துவிடும். இந்த மாதத்தில் வெயில் சாய்ந்து விழுவதால் மண்ணின் ஏற்ற இறக்கம் தெளிவாகத் தெரியும். அகழிக்குள் சேறு, வழுக்கும் செருப்போடு இறங்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒருவரைக் கீழே நிறுத்தி மற்றவர்களை நாலு கொத்தளத்திலும் ஏறச் சொல்லுங்கள். கொத்தளத்தின் கணக்கு அவர்களுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.